பிசினஸ் பிரீமியமா, ஈ3-யா? 340 பேர் இருக்கிற கம்பெனிக்கு எது சரி

பம்ப்ஷாப்_ஐடி | 11 பிப்ரவரி 2025

மைக்ரோசாஃப்ட் 365-ல் இப்போ எல்லாருக்கும் பிசினஸ் ஸ்டாண்டர்டு, 285 லைசென்ஸ். ஏப்ரலில் புது யூனிட் திறக்கிறாங்க, மொத்தம் 340 பேர் ஆயிடும். 300-ஐத் தாண்டினா பிசினஸ் பிளான் செல்லாது, எல்லாரையும் ஈ3 என்கிற எண்டர்பிரைஸ் பிளானுக்கு மாத்தணும்னு லைசென்ஸ் விக்கிற பார்ட்னர் சொல்றார். இந்த 340-ல் 110 பேர் ஷாப் ஃப்ளோர். மெயில் எப்பவாவது பார்ப்பாங்க, மூணு ஷிஃப்டுக்கும் பொது கம்ப்யூட்டர்தான். எக்ஸ்போர்ட், பர்சேஸில் 30 பேருக்கு மெயில்பாக்ஸ் 50 ஜிபி முட்டிக்கிட்டு நிக்குது. பழைய விண்டோஸ் சர்வர் ரெண்டு இருக்கு, அதில்தான் டாலி. பிசினஸ் பிரீமியம் போதாதா, ஈ3-தான் ஒரே வழியா?

லைசென்ஸ்_கணக்கு | 11 பிப்ரவரி 2025, இரவு

இல்லை. 300 என்பது கம்பெனிக்கான வரம்பு கிடையாது, ஒவ்வொரு பிசினஸ் பிளானுக்கும் தனித்தனி வரம்பு. ஒரே டெனன்டில் (மைக்ரோசாஃப்டில் உங்க கம்பெனிக்கான மொத்த கணக்கு) பேசிக் 300, ஸ்டாண்டர்டு 300, பிரீமியம் 300 வரை வைக்கலாம்; அதோட ஈ3, எஃப்3 (களத்தில் வேலை செய்யறவங்களுக்கான சின்ன பிளான்) எதை வேணும்னாலும் கலக்கலாம். 301-ஆவது பிரீமியத்தைத்தான் வாங்க முடியாது. 301-ஆவது ஆள் சேர்ந்ததும் மத்த 300 பேரும் மாறணும்னு எங்கேயும் விதி இல்லை.

ஆளை எண்ணாதீங்க, வேலையை எண்ணுங்க. உங்க 340 பேர் மூணு கூட்டம்.

ஷாப் ஃப்ளோர் 110: எஃப்3. மெயில்பாக்ஸ் 2 ஜிபி, வேர்டு எக்ஸெல் எல்லாம் பிரவுசரிலும் போனிலும்தான், டெஸ்க்டாப்பில் கிடையாது. டீம்ஸ், இன்டியூன் (மெஷின்களைத் தூரத்தில் இருந்து நிர்வகிக்க), என்ட்ரா பி1 (லாகினை நிர்வகிக்க) உண்டு. யாருக்கு வேணும்னாலும் இதைக் கொடுக்க முடியாது. அவங்க முக்கியமா பயன்படுத்தற கருவி, இதே மாதிரி ஆட்களோட பகிர்ந்துக்கற கம்ப்யூட்டரா இருக்கணும், இல்லேன்னா 10.9 இஞ்சுக்குச் சின்ன திரையா இருக்கணும். மூணு ஷிஃப்ட் பொது கம்ப்யூட்டர் கச்சிதமா இதில் பொருந்தும். சூப்பர்வைசருக்குத் தனி லேப்டாப் இருந்தா அவர் எஃப்3-ல் வரமாட்டார், பிரீமியம்தான்.

ஆபீஸ் 200: பிசினஸ் பிரீமியம்.

பெரிய மெயில்பாக்ஸ் 30: பிரீமியம், மேலே எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பிளான் 2 தனியா. பெட்டி 100 ஜிபி ஆயிடும்.

கணக்கு, அமெரிக்கப் பட்டியல் விலையில் (ரூபாய் விலை வேற, விகிதத்தை மட்டும் பாருங்க): 2024 ஏப்ரலில் எண்டர்பிரைஸ் பிளான்களில் இருந்து டீம்ஸைப் பிரிச்சுட்டாங்க. புதுசா வாங்கறவங்களுக்கு ஈ3 33.75, டீம்ஸ் 5.25, ஆக 39 டாலர். 340 பேருக்கு மாசம் 13,260. கலந்து வாங்கினா பிரீமியம் 230 × 22 = 5,060; எஃப்3 110 × 8 = 880; எக்ஸ்சேஞ்ச் பிளான் 2 30 × 8 = 240. மொத்தம் 6,180. பாதிக்கும் கீழே.

லைசென்ஸ்_கணக்கு | 12 பிப்ரவரி 2025

விலையை விட முக்கியமானது ஒண்ணு. எண்டர்பிரைஸ்னு பேர் இருக்கறதால ஈ3-ல் பாதுகாப்பு ஜாஸ்தின்னு நினைக்கிறாங்க. இன்னைய தேதிக்கு மெயில் பாதுகாப்பிலும் லேப்டாப் பாதுகாப்பிலும் பிரீமியம்தான் மேல்.

பிரீமியத்தில் டிஃபெண்டர் ஃபார் ஆபீஸ் பிளான் 1 உள்ளேயே வருது. மெயிலில் வர்ற லிங்கை கிளிக் பண்ணும்போது சேஃப் லிங்க்ஸ் சோதிக்கும், அட்டாச்மென்ட்டைத் தனிப்பெட்டியில் திறந்து பார்க்கும் சேஃப் அட்டாச்மென்ட்ஸும் உண்டு. ஈ3-ல் இது ரெண்டும் இல்லை, வழக்கமான ஸ்பாம், வைரஸ் வடிகட்டி மட்டும்தான். லேப்டாப் பக்கம் பிரீமியத்தில் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ்: ஊடுருவலைக் கண்டுபிடிக்கும், மெஷினைத் தனிமைப்படுத்தும். ஈ3-ல் இருக்கிற டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட் பிளான் 1-க்கு இந்தக் கண்டறியும் வேலையே கிடையாது.

எக்ஸ்போர்ட் பண்ற கம்பெனிகளை அதிகம் அடிக்கிறது எது? சப்ளையர் பேரில் வர்ற போலி இன்வாய்ஸ், "பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு"ன்னு வர்ற மெயில். அதைத் தடுக்கிற கருவி இல்லாத பிளானுக்கு அதிக விலை கொடுத்துப் போறதுல எனக்குச் சம்மதம் இல்லை.

டொமைன்_துரை | 12 பிப்ரவரி 2025

எஃப்3-லயும் டிஃபெண்டர் ஃபார் ஆபீஸ் இல்லை. ஆனா டெனன்டில் ஒரு லைசென்ஸ் இருந்தாலே பில்ட்-இன் புரொடெக்ஷன்ங்கிற பாலிசி எல்லா மெயில்பாக்ஸுக்கும் தானா ஓடும். லைசென்ஸ் இல்லாத 110 பேரும் பயன் அடைவாங்க, ஆடிட் வந்தா கேள்வி வரும்.

லைசென்ஸ்_கணக்கு | 12 பிப்ரவரி 2025, மாலை

துரை சார் சொன்னது சரி, மேலே போட்ட கணக்கில் சேர்க்க வேண்டியது. ரெண்டு வழி. அந்த 110 பேரை ஒரு குரூப்பில் போட்டு பில்ட்-இன் பாலிசியில் விலக்கு கொடுக்கலாம். இல்லேன்னா பிளான் 1-ஐத் தனியா 2 டாலருக்கு வாங்கலாம். 110-க்கு 220, மொத்தம் 6,400. வாங்கறதுதான் நல்லது. ஷாப் ஃப்ளோர் ஆள் கிளிக் பண்ணினாலும் வைரஸ் அதே நெட்வொர்க்கில்தான் பரவும்.

பொது கம்ப்யூட்டர்களில் விண்டோஸோட வர்ற ஆன்டிவைரஸை இன்டியூன் பாலிசியால் கட்டுப்படுத்திக்கலாம், எஃப்3-ல் அதுக்கு இடம் இருக்கு. ஆனா அந்த மெஷின்களை டிஃபெண்டர் ஃபார் பிசினஸில் ஏத்தாதீங்க, எஃப்3 ஆட்களுக்கு அதுக்கான உரிமம் இல்லை.

பம்ப்ஷாப்_ஐடி | 14 பிப்ரவரி 2025

நன்றி சார். மெயில்பாக்ஸ் விஷயம் இன்னும் கொஞ்சம் சொல்லுங்க. பர்சேஸ் மேனேஜருக்கு மெயில் வருது, ஆனா அவரால் அனுப்ப முடியலை.

லைசென்ஸ்_கணக்கு | 14 பிப்ரவரி 2025

50 ஜிபி பெட்டியில் மூணு கோடு இருக்கு. 49-ல் எச்சரிக்கை, 49.5-ல் அனுப்ப முடியாது, 50-ல் வர்றதும் நின்னுடும். அவர் ரெண்டாவது கோட்டில் நிக்கிறார். மூணாவதைத் தொட்டா கஸ்டமர் அனுப்பின ஆர்டர் அவங்களுக்கே திரும்பிப் போகும், இன்னைக்கே பழைய அட்டாச்மென்ட் கொஞ்சம் அழிக்கச் சொல்லுங்க. டெலீட்டட் ஐட்டம்ஸைக் காலி பண்ணாம இடம் வராது.

100 ஜிபி வாங்கும் முன்னாடி யோசிக்க வேண்டியது: கம்ப்யூட்டரில் இருக்கிற அவுட்லுக், மெயிலோட நகலை வெச்சுக்கிற தன் ஓஎஸ்டி ஃபைலை இயல்பா 50 ஜிபியோட நிறுத்திடும். பெட்டி 80 ஜிபி ஆனா சர்வரில் மெயில் இருக்கும், அவுட்லுக்கில் சின்க் தடுமாறும். அக்கவுன்ட் செட்டிங்கில் எத்தனை மாச மெயிலை இறக்கணும்கிற நகர்த்தியை 12 மாசத்துக்கு வெச்சா சரியாயிடும். பழைய மெயிலைத் தேடும்போது அவுட்லுக் சர்வரில் போய்த் தேடும்.

லைசென்ஸ்_கணக்கு | 15 பிப்ரவரி 2025

இன்னும் யோசிச்சா, அந்த 30 பேருக்கு எக்ஸ்சேஞ்ச் பிளான் 2 தேவையே இல்லாம போகலாம். பிரீமியத்தோட எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் ஆர்க்கைவிங் வருது. ஆர்க்கைவ் பெட்டியைத் தொறந்து விட்டா ரெண்டு வருஷத்துக்கு மேலான மெயிலை இயல்பான பாலிசியே அங்கே தள்ளிடும். தானா விரியற அமைப்பைப் போட்டா ஆர்க்கைவ் 1.5 டிபி வரை வளரும். அதைப் பவர்ஷெல்லில்தான் (கட்டளை டைப் பண்ற அட்மின் கருவி) போடணும், ஒருதடவை போட்டா திரும்ப எடுக்க முடியாது.

ஆர்க்கைவைத் தொறந்த உடனே எதுவும் நகராது. பின்னணியில் ஓடுற ஃபோல்டர் அசிஸ்டன்ட் வாரத்துக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு பெட்டியையும் தொடும்னு வெச்சுக்குங்க. 49.5-ல் நிக்கிறவருக்கு அதைக் கையால் ஓட்டி விடணும், அதுக்கும் பவர்ஷெல் கட்டளை இருக்கு.

யாருக்கு பிளான் 2 வேணும்? ரெண்டு வருஷத்துக்குள்ளேயே 50 ஜிபி நிரம்பறவங்களுக்கு. டிராயிங், டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்னு பெரிய பிடிஎஃப் அனுப்பறவங்க அப்படி இருப்பாங்க. 30-ல் அவங்களை மட்டும் பிரிச்சு எடுங்க. லிட்டிகேஷன் ஹோல்டும் பிரீமியத்தில் உண்டு. வேலையை விட்டுப் போறவர் மெயிலை அழிச்சாலும் பாதுகாக்கணும்னா அதுவே போதும். ஸ்டாண்டர்டில் இது கிடையாது.

ஷேர்டு மெயில்பாக்ஸ் 50 ஜிபி வரை லைசென்ஸே இல்லாம இருக்கலாம். சேல்ஸ், அக்கவுன்ட்ஸ்னு பொது முகவரிக்கெல்லாம் காசு கொடுத்துக்கிட்டு இருந்தா மாத்துங்க. அந்த அக்கவுன்ட்களுக்கு சைன்-இன்னைத் தடுத்து வைக்கணும். தடுக்காம விட்டா பழைய பாஸ்வேர்டோட கதவு தொறந்தே கிடக்கும்.

டொமைன்_துரை | 17 பிப்ரவரி 2025

சர்வர் ரெண்டு இருக்குன்னு சொன்னாரே. ஈ3-க்கு ஆதரவா ஒரே ஒரு நியாயமான வாதம் அங்கேதான் இருக்கு. ஈ3-ல் விண்டோஸ் சர்வரைத் தொடறதுக்கான சிஏஎல் உரிமம் உள்ளேயே வருது. பிரீமியத்தில் வராது.

லைசென்ஸ்_கணக்கு | 17 பிப்ரவரி 2025

ஆமா, பார்ட்னர் இதைச் சொல்லியிருந்தா ஒத்துக்கலாம். சர்வரோட சிஏஎல் ஏற்கனவே வாங்கியிருந்தா, அந்த சர்வர் பதிப்புக்கு அது காலத்துக்கும் செல்லும், ஈ3-யால் புதுசா லாபம் இல்லை. பழைய பில்லை எடுத்து எத்தனை சிஏஎல், எந்தப் பதிப்புக்குன்னு பாருங்க. சர்வரைப் புதுசாக்கப் போறீங்கன்னா மட்டும் இந்தச் செலவைக் கணக்கில் ஏத்துங்க. அப்பவும் சிஏஎல் ஒருதடவை செலவு, ஈ3 மாசாமாசம்.

டாலியை ரிமோட் டெஸ்க்டாப்பில் பத்துப் பேர் திறக்கிறாங்கன்னா அதுக்கு ஆர்டிஎஸ் சிஏஎல் தனியா வேணும். ஈ3-ல் இருந்தாலும் வேணும், அதுக்கும் மேல் படியான ஈ5-ல் இருந்தாலும் வேணும். இதை யாரும் விற்கும்போது சொல்றதில்லை, ஆடிட்டில் முதலில் கேட்கிறதே இதைத்தான்.

லேப்டாப் பக்கமும் ஒண்ணு. வாங்கும்போது விண்டோஸ் ஹோமோட வந்த மெஷின் எத்தனைன்னு எண்ணுங்க. ஹோமை என்ட்ராவில் ஜாயின் பண்ண முடியாது. பிரீமியம் ஹோமை புரோ ஆக்காது, ஈ3-யும் ஆக்காது. ரெண்டுமே ஏற்கனவே புரோ இருக்குன்னு நம்பித்தான் ஆரம்பிக்கும். ஹோமுக்கு புரோ மேம்படுத்தலைக் காசு கொடுத்து வாங்கணும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போனா எந்தப் பதிப்புன்னு தெரியும்.

பம்ப்ஷாப்_ஐடி | 20 பிப்ரவரி 2025

ஹோம் மெஷின் 19 இருக்கு! அதோட ஆடிட்டர் 180 நாள் லாக் (யார் எப்போ என்ன செஞ்சாங்கங்கிற பதிவு) வேணும்னு கேட்கிறார். ஈ5 வாங்கணுமா?

லைசென்ஸ்_கணக்கு | 20 பிப்ரவரி 2025

வேண்டாம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன்னின் 28 ஏப்ரல் 2022 உத்தரவு ரெண்டு விஷயம் கேட்குது: லாக் 180 நாள் இந்திய எல்லைக்குள் இருக்கணும், சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். உங்க கையில் இருக்கிறதை ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

பர்வ்யூ ஆடிட்: யார் எந்த ஃபைலைத் தொறந்தா, யார் மெயில் ரூல் போட்டாங்கிற பதிவு. 2023 அக்டோபரில் இருந்து சாதாரண பிளானிலேயே 180 நாள். ஈ5-ல் ஒரு வருஷம். ஆடிட் ஓடுதான்னு மட்டும் உறுதி பண்ணுங்க.

என்ட்ரா சைன்-இன் லாக்: ஓட்டை இங்கேதான். ஸ்டாண்டர்டில் 7 நாள், பிரீமியத்தில் 30 நாள். ஈ5 வாங்கினாலும் இது 30-தான், அதனால இந்தக் காரணத்துக்கு ஈ5 வாங்கறது வீண்.

சரி பண்ற வழி: மைக்ரோசாஃப்டோட கிளவுடான அஸூரில் ஒரு சப்ஸ்கிரிப்ஷன், அதில் லாக்கைச் சேமிக்கிற லாக் அனலிடிக்ஸ் ஒர்க்ஸ்பேஸ் ஒண்ணு. ரீஜன் தேர்ந்தெடுக்கும்போது சவுத் இண்டியா, அதாவது சென்னை, இல்லேன்னா சென்ட்ரல் இண்டியா, அதாவது புனே. ஒர்க்ஸ்பேஸின் ரிடென்ஷனை 180 ஆக்குங்க, இயல்பா விட்டா சீக்கிரமே அழிஞ்சுடும். பிறகு என்ட்ரா அட்மின் சென்டரில் டயக்னாஸ்டிக் செட்டிங்ஸ் போய் ஆடிட் லாக், சைன்-இன் லாக் ரெண்டையும் டிக் பண்ணி அந்த ஒர்க்ஸ்பேஸுக்கு அனுப்புங்க. இன்டராக்டிவ் இல்லாத சைன்-இன் லாக் தனி டிக், அது அளவில் பெரிசு, ஆனா திருடின டோக்கன் (லாகின் ஆனதுக்கான டிஜிட்டல் சீட்டு) பிடிபடறது அதில்தான். முதல் வாரம் எவ்வளவு ஜிபி ஏறுதுன்னு பார்த்து செலவை மதிப்பிடுங்க. சைன்-இன் லாக்கை வெளியே அனுப்ப பி1 வேணும். பிரீமியம் வந்த பிறகுதான் இதைச் செய்ய முடியும்.

போன மாச லாக்கை இன்னைக்குத் திருப்பி எடுக்க முடியாது. அதனால பிரீமியம் வாங்கின அன்னைக்கே இதைப் போட்டுடுங்க.

லைசென்ஸ்_கணக்கு | 3 மார்ச் 2025

மாத்தற வரிசை, யாராவது தேடி வந்தா பயன்படும்.

ஸ்டாண்டர்டை எடுத்துட்டு நாளைக்குப் பிரீமியம் கொடுக்கலாம்னு விடாதீங்க. ஒரே சேமிப்பில் பழையதை எடுத்துப் புதுசைக் கொடுங்க. லைசென்ஸ் இல்லாத மெயில்பாக்ஸை 30 நாள் வெச்சிருப்பாங்க, பிறகு போயிடும். நடுவில் யாராவது லீவில் போனா மறந்துடும். ஆளுக்கு ஆள் டிக் பண்றதை விட குரூப்புக்கு லைசென்ஸ் கொடுக்கறது சுத்தம்: ஷாப் ஃப்ளோர் குரூப்புக்கு எஃப்3, ஆபீஸ் குரூப்புக்குப் பிரீமியம்.

ஸ்டாண்டர்டில் இருந்து எஃப்3-க்கு இறங்கறவங்க பெட்டியை முதலில் அளந்து பாருங்க. 2 ஜிபிக்கு மேல் இருந்தா மாத்தின உடனே அனுப்பறது நின்னுடும். ஒன்டிரைவும் 2 ஜிபி ஆயிடும்.

அடுத்தது கண்டிஷனல் ஆக்சஸ், அதாவது யார் எப்படி லாகின் ஆகலாம்னு நாமே போடற விதிகள். இப்போ மைக்ரோசாஃப்டோட பொதுவான விதிகளான செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் ஓடிக்கிட்டு இருக்கும், அதை அணைச்சாதான் கண்டிஷனல் ஆக்சஸ் பாலிசியைச் செயலுக்குக் கொண்டு வர முடியும். அணைக்கிறதுக்கு முன்னாடி பாலிசிகளை ரிப்போர்ட்-ஒன்லியில் (தடுக்காம பதிவு மட்டும் பண்ற நிலை) போட்டு ஒரு வாரம் பாருங்க. பழைய முறை சைன்-இன்னைத் தடுக்கற பாலிசி வரும்போது முதலில் சாகிறது ஸ்கேனர், மெயில் அனுப்பற ஜெராக்ஸ் மெஷின், ஈஆர்பியின் தானியங்கி இன்வாய்ஸ் மெயில். ரிப்போர்ட்டில் அவை எல்லாம் பேரோட தெரியும். அவசரத்துக்கு ரெண்டு அட்மின் அக்கவுன்ட் தனியா வெச்சு எல்லாப் பாலிசியிலும் விலக்கு கொடுங்க, பாஸ்வேர்டு பீரோவில் இருக்கட்டும். அட்மினே வெளியே பூட்டிக்கிட்டா சப்போர்ட்டில் நாள்கணக்கில் காத்திருக்கணும்.

டொமைன்_துரை | 19 மார்ச் 2025

பிரீமியத்துக்கு மேலே ஈ5 செக்யூரிட்டியை 12 டாலருக்கு வாங்கலாம்னு இந்த மாசம் அறிவிச்சிருக்காங்க. இதுக்காக மட்டும் ஈ5 போக இனி அவசியம் இல்லை.

லைசென்ஸ்_கணக்கு | 20 மார்ச் 2025

நல்ல செய்தி. பிரீமியமும் அதுவும் சேர்ந்து 34 டாலர். என்ட்ரா பி2, அதோட டிஃபெண்டர் வகையில் எண்ட்பாயின்ட் பிளான் 2, ஆபீஸ் பிளான் 2, கிளவுட் ஆப்ஸ், ஐடென்டிட்டி எல்லாம் உள்ளே. ஈ3-யை விடக் குறைவு.

ஒரு எச்சரிக்கை: அட்மின் அஞ்சு பேருக்கு மட்டும் வாங்கினா எண்ட்பாயின்ட் பகுதி பிளான் 2 ஆக மாறாது. டெனன்ட் மொத்தமும் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் நிலையிலேயே நிக்கும். பி2 மாதிரி ஆளுக்கு ஆள் வேலை செய்யற பகுதிக்காக வாங்கறதுன்னா அஞ்சு பேருக்கு வாங்கலாம், தப்பில்லை.

லைசென்ஸ்_கணக்கு | 26 மார்ச் 2025

ஒப்பந்தம் பத்தி. வருஷ ஒப்பந்தத்தில் நடுவில் லைசென்ஸைக் கூட்டலாம், குறைக்க முடியாது. வாங்கின 7 நாளுக்குள் மட்டும் திருப்பலாம். புதுப்பிக்கும்போதும் அதே 7 நாள். மாசாமாச ஒப்பந்தம் 20 சதவீதம் கூட. ஏப்ரல் 1-ல் இருந்து வருஷ ஒப்பந்தத்தை மாசாமாசம் கட்டினாலும் 5 சதவீதம் கூட.

அதனால நிலையா இருக்கிற ஆட்களுக்கு வருஷ ஒப்பந்தம், காண்ட்ராக்ட் ஆட்கள், பயிற்சியாளர்களுக்கு மாச ஒப்பந்தம். நடுவில் பிரீமியத்தில் இருந்து ஈ3-க்கு ஏறலாம், ஈ3-யில் இருந்து இறங்க புதுப்பிக்கற நாள் வரை காத்திருக்கணும். சந்தேகமா இருந்தா கீழ்ப் படியில் ஆரம்பிக்கச் சொல்றதுக்கு இதுதான் காரணம். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பெரும்பாலும் இன்புட் கிரெடிட்டில் எடுத்துக்கலாம், இன்வாய்ஸில் ஜிஎஸ்டி எண் சரியா இருக்கணும்.

பம்ப்ஷாப்_ஐடி | 9 ஏப்ரல் 2025

பிரீமியம் 226, எஃப்3 110, எக்ஸ்சேஞ்ச் பிளான் 2 எட்டுப் பேருக்கு. மீதி 22 பேருக்கு ஆர்க்கைவே போதும். ஈ3 நாலு பேருக்கு மட்டும். டீலர் மீட்டிங்குக்கு 300 பேருக்கு மேல் வர்றாங்க, பிரீமியத்தில் மீட்டிங் 300-தான், ஈ3-ல் 1,000.

லைசென்ஸ்_கணக்கு | 9 ஏப்ரல் 2025

மீட்டிங்கை நடத்தறவர் லைசென்ஸ்தான் கணக்கு, வர்றவங்களோடது இல்லை. நாலு பேருக்கும் தேவையா, ஒருத்தர் பேரிலேயே எல்லா டீலர் மீட்டிங்கையும் போடலாமான்னு பாருங்க. அந்த நாலு பேருக்கும் டிஃபெண்டர் ஃபார் ஆபீஸ் தனியா சேர்க்கணும், அதை விட்டுடாதீங்க. பெரும்பாலும் இவங்க மேனேஜ்மென்ட் ஆட்களா இருப்பாங்க, போலி மெயில் குறி வைக்கிறதும் இவங்களைத்தான்.

லைசென்ஸ்_கணக்கு | 22 செப்டம்பர் 2025

மார்ச்சில் எழுதினது மாறிடுச்சு. பிரீமியத்துக்கு மேலே இப்போ டிஃபெண்டர் சூட் 10 டாலர், பர்வ்யூ சூட் 10 டாலர், ரெண்டும் சேர்த்து 15. தகவல் கசிவைத் தடுக்கறது, இ-டிஸ்கவரி (விசாரணைக்காக மெயில், ஃபைலைத் தேடி எடுக்கறது) எல்லாம் பர்வ்யூ பக்கம் வருது. பிரீமியம் 22, இது 15, ஆக 37-க்கு ஈ5-ன் பாதுகாப்புப் பகுதி பெரும்பாலும் கையில். ஈ5-ல் கூடுதலா இருக்கிறது டீம்ஸ் போன், பவர் பிஐ புரோ, விண்டோஸ் எண்டர்பிரைஸ். அவை வேணும்னா மட்டும் ஈ5 பேசுங்க.

லைசென்ஸ்_கணக்கு | 8 டிசம்பர் 2025

ஜூலை 1, 2026 முதல் விலை மாறுது. பேசிக் 6-ல் இருந்து 7, ஸ்டாண்டர்டு 12.50-ல் இருந்து 14, டீம்ஸ் உள்ளேயே வர்ற ஈ3 36-ல் இருந்து 39, ஈ5 57-ல் இருந்து 60, எஃப்3 8-ல் இருந்து 10. பிரீமியம் மட்டும் 22-லேயே நிக்குது. ஈ3-க்கு டிஃபெண்டர் ஃபார் ஆபீஸ் பிளான் 1-ஐ உள்ளே கொடுக்கப் போறதாவும் அறிவிச்சிருக்காங்க, அது வந்ததும் பிப்ரவரி 12-ல் நான் எழுதின மெயில் ஒப்பீடு பழசாயிடும். லேப்டாப் ஒப்பீடு அப்படியே நிக்கும்.

ஸ்டாண்டர்டுக்கும் பிரீமியத்துக்கும் இடைவெளி 9.50-ல் இருந்து 8 ஆகுது. இன்னும் ஸ்டாண்டர்டில் இருக்கிறவங்க இந்தத் தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.

பம்ப்ஷாப் சார், உங்க புதுப்பிப்பு ஏப்ரலில் வருது, எஃப்3 110-ம் பழைய விலையிலேயே ஒரு வருஷம் ஓடும். புதுப்பிக்கறதுக்கு முன்னாடி கடைசி 90 நாளில் ஒருதடவை கூட சைன்-இன் ஆகாத அக்கவுன்ட் எத்தனைன்னு லிஸ்ட் எடுங்க. அந்த எண்ணிக்கையைப் புதுப்பிக்கும்போது குறைக்காம விட்டா, அடுத்த வருஷம் வரை குறைக்க முடியாது.